குனிந்தவனுக்கு ஒரு கை

மூன்று தாள்களிலும் 145 என்றே இருந்தது. வரவேண்டியது 154.

முத்துச்செல்வி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். உருளையின் கன அளவு காண வேண்டும். ஆரம் ஏழு, உயரம் பத்து. அடிப்பரப்பு 154 என்று வந்தால் விடை 1540. மூன்று பேருமே 145 என்று எழுதி 1450 என்று முடித்திருந்தார்கள். ஒருவர் கை தவறி இலக்கத்தை மாற்றிப் போடலாம். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கை தவறாது.

சுடலையாண்டியின் தாளில் மட்டும் ஓரத்தில் பெருக்கிப் பார்த்த கணக்கு இருந்தது. அங்கே 154 என்று சரியாகத்தான் வந்திருந்தது. கீழே இறக்கி எழுதும்போது மாறிவிட்டது. நல்லதம்பியின் தாளிலும் பாண்டிராஜின் தாளிலும் ஓரம் சுத்தமாக இருந்தது. ஆக, கிணறு எது, வாய்க்கால் எது என்று தெரிந்துவிட்டது. தண்ணீர் எப்படிப் போனது என்பதுதான் தெரியவில்லை. மூவரையும் அவள் தனித்தனி பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தாள். பரீட்சை நடந்த நேரம் முழுக்க எதிரே நாற்காலி போட்டு அவர்கள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கண்ணும் பக்கவாட்டில் போகவில்லை.

மேலகரத்தில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடியில் இருந்தது அவளுடைய டுடோரியல். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வெளியே வந்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதச் சொல்லிக் கொடுத்தாள். அரசாங்கத்தின் வாயில் அவர்களுக்குத் தனித்தேர்வர் என்று பெயர். வருகிறவர்களில் ஒருவரும் பொழுதுபோக்குக்கு வரவில்லை. தென்காசியில் தையல் தைக்கும் மிஸ்ரியாவுக்கு அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட வேண்டும். அந்த மூவரும் லோடுமேன்கள், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அங்கேயே யாரிடமாவது படித்தால் சந்தை முழுக்கச் சிரிக்கும் என்ற பயம்.

மூவரில் அவசரம் சுடலையாண்டிக்குத்தான். வயது நாற்பத்து நான்கு. இருபத்தைந்து வருடம் மூடை சுமந்த கழுத்தில் எலும்பு தேய்ந்து, இடது கை அவ்வப்போது மரத்துப் போய்விடும். இன்னும் சுமந்தால் கை விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தையில் எடைமேடை வைத்திருக்கும் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரிக்கு எடைச்சீட்டு போடும் வேலையைத் தருகிறேன் என்றிருந்தார். ஆனால், முன்பு இருந்த ஆள் வண்டி நம்பரையெல்லாம் தப்புத்தப்பாக அடித்து அவர் பேரைக் கெடுத்ததிலிருந்து, பத்தாவது பாஸ் இல்லாத எவனும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். ஜூலைத் துணைத்தேர்வின் முடிவு வரும்வரை பொறுப்பேன், அதற்கு மேல் வேறு ஆள் பார்ப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மற்ற பாடங்களைச் சுடலையாண்டி முந்திய தேர்விலேயே தாண்டியாகிவிட்டது. பாக்கி கணக்கு ஒன்றுதான். நல்லதம்பிக்கும் அதேதான். பாண்டிராஜ் சின்னவன், அடுத்த மார்ச்சில் எழுதலாம் என்று மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் வகுப்பில் தாள்களைக் கொடுக்கும்போது, யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் களவு இல்லை, குழப்பம்தான் இருந்தது. நாங்கள் யாரும் யாரையும் கேட்கவில்லையே என்றார் நல்லதம்பி. அவர் சொன்னது பொய்யில்லை என்று முத்துச்செல்விக்குப் பட்டது. பள்ளிக்கூடத்தில் நூறு பொய்களைக் கேட்ட காது அது. அதனால்தான் அவளுக்கு விஷயம் இன்னும் சுவாரசியமாகிவிட்டது.

"என்ன டீச்சர் நீங்க. மூணு அண்ணாச்சிமாரும் அருவியில ஒன்னா நின்னு குளிச்சிட்டு வாறாங்கல்லா, தண்ணி வழியாப் போயிருக்கும் கணக்கு" என்றாள் மிஸ்ரியா, துப்பட்டாவுக்குள் சிரித்தபடி.

குளித்துவிட்டு வருவது உண்மைதான். சாரல் பருவம் தொடங்கிவிட்டது. சந்தை வேலை முடிந்ததும் நேரே குற்றாலத்துக்குப் போய் அருவிக்கடியில் தோளைக் கொடுத்து நிற்பார்கள். தண்ணீர் அடிக்கிற அடியில் உடம்பு வலியெல்லாம் கழன்று ஓடும். அப்புறம் ஈரத்தலையோடு மூன்று மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். தூங்கிவழிந்த தலைகளைப் பார்த்து அலுத்துப்போய், இனி வகுப்பு முடிந்த பிறகுதான் அருவி என்று முத்துச்செல்வி அன்றே சட்டம் போட்டாள்.

அவள் பெஞ்சுகளை இன்னும் தள்ளிப் போட்டாள். இடத்தை மாற்றி உட்கார வைத்தாள். அடுத்த பரீட்சையிலும் சுடலையாண்டி ஒரு கணக்கில் கழித்தல் குறியை விட்டார். அதே குறி பின் பெஞ்சிலும் காணாமல் போயிருந்தது.

ஹால் டிக்கெட் வந்தபோது அதைச் சாக்காக வைத்து அவளே காலை பஸ்ஸில் பாவூர்சத்திரம் போனாள். போனில் அனுப்பினால் முடிந்துபோகும் வேலை. இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் அப்பா தபால் ஆபீஸில் இருந்தவர். மூடை தூக்குகிற இடத்தில் அவள் நின்று பார்த்ததே இல்லை.

சந்தையில் சேறும் அழுகிய தக்காளியும் காலைக் கவ்வின. பல்லாரி வெங்காய மூடைகள் ஒருபக்கம், சீனிஅவரைக்காய் ஒருபக்கம். டெம்போக்கள் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தன. யாருக்கும் அவளைப் பார்க்க நேரமில்லை. ஒரு தராசுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

சுடலையாண்டியைக் கண்டுபிடித்தாள். தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்திருந்தார். ஒரு மூடைக்கு முன்னால் போய் முதுகை வளைத்துக் குனிந்து நின்றார். அவ்வளவுதான். யாரையும் கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். இன்னொருவர் மறுபக்கம் வந்தார். இரண்டு பேரும் மூடையின் மூலைக் காதுகளைப் பிடித்து முதுகில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். டீக்காரர் மறுபடி கிளாஸை எடுத்தார். நன்றியும் இல்லை, பேச்சும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டது. இங்கே ஒருவன் குனிந்தால், பக்கத்தில் இருக்கிறவன் கை கொடுத்தாக வேண்டும். எந்த லாரிக்காரனின் ஆள் என்றெல்லாம் கணக்கில்லை. பாண்டிராஜிடம் விசாரித்தபோது, அந்த டீ குடித்தவர் சுடலையாண்டியின் பெரியப்பா மகன் என்றான். வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஏழெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

"பேச மாட்டாங்க டீச்சர். ஆனா குனிஞ்சா கை குடுக்கணும்லா. இல்லன்னா அவன் கிட்ட எவன் நிப்பான்?" என்றான்.

கேட்டு வாங்கினால்தான் கேவலமாம். குனிந்து நிற்பதே போதுமாம்.

இன்னொன்றையும் பார்த்தாள். சந்தையின் கடைசியில், ஆள் அண்டாத மூலையில் ஒரு கிழவர் தனியாக நின்றார். கை கொடுக்க யாரும் இல்லை. அவர் மூடையைத் தரையிலிருந்து நேரே முதுகுக்குத் தூக்க முயலவில்லை. முதலில் கவிழ்த்துப் போட்ட ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் இழுத்து நிறுத்தினார். பிறகு அதைவிட உயரமாக அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் சாய்த்தார். மூச்சு வாங்கினார். அப்புறம் திரும்பி நின்று, முதுகைக் கொடுத்து, நடந்து போனார்.

அன்று மாலை வகுப்பில் மறுபடி பரீட்சை வைத்தாள். இந்த முறை அவள் கண்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் நல்லதம்பியின் பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை, செருமவில்லை, தாளின் மேல் குனிந்தபடியே இருந்தார். முன்னால் எழுதிக்கொண்டிருந்த சுடலையாண்டி, எழுதுவதை நிறுத்தாமலே, எழுதி முடித்த தாளை இடது கையால் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நல்லதம்பி நிமிர்ந்தார். நேரே முன்னால் பார்த்தார். எழுதத் தொடங்கினார். கொஞ்சம் கழித்து அவருடைய தாளும் பின்னால் இருந்த பாண்டிராஜுக்காக அதேபோல் ஓரத்துக்கு வந்தது.

இத்தனை நாளும் அவள் எடுக்கிறவனின் கண்ணைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். கொடுக்கிறவனின் கையைப் பார்க்கவே இல்லை.

பரீட்சையை நிறுத்தினாள். தான் கண்டதைச் சொன்னாள். சுடலையாண்டி தன் இடது கையை எடுத்து, அது என்ன செய்தது என்று கேட்பதுபோலப் பார்த்தார். தான் தாளை நகர்த்தியதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பரீட்சை ஹாலில் இதைச் செய்தால் இரண்டு பேர் தாளையும் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அடுத்த தேர்வுகளையும் எழுத விடமாட்டார்கள், எடைமேடை நாற்காலி அதோடு போய்விடும் என்று அவள் பட்டவர்த்தனமாகச் சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதலில் சொல்லிக்கொடுப்பது, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுது என்பதுதான். அந்த வயதில் இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட ஆடு மேய்த்ததுதான் அதிகம். மறைக்கச் சொல்லி யாரும் பழக்கவில்லை.

"அப்போ குனிஞ்சு நிக்கவனப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கச் சொல்லுதீங்க" என்றார் நல்லதம்பி. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே அப்படி ஒரு இடம் உண்டா என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது.

"ஆமா அண்ணாச்சி. அங்கன அதுதான் நியாயம்."

"என்ன நியாயமோ" என்றார் அவர்.

 முத்துச்செல்வி கிழவரின் தக்காளிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். கை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் மூடையை நேரே முதுகுக்குத் தூக்குவீர்களா என்று கேட்டாள். பெட்டி போடுவோம் என்றான் பாண்டிராஜ். கணக்கிலும் பெட்டி உண்டு என்றாள். என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதுவது முதல் பெட்டி. சூத்திரத்தை எழுதுவது இரண்டாவது. எண்ணைப் போடுவது மூன்றாவது. முதுகுக்கு ஏறாமல் பாதியில் நின்றாலும், ஏறிய உயரம்வரை மார்க் உண்டு. வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு. அதை விடாமல் பிடித்தால் மிச்சத்துக்குப் பெட்டி அடுக்கியே முப்பத்தைந்தைத் தொட்டுவிடலாம்.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரே பெட்டிப் பேச்சுதான். சுடலையாண்டிக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. ஆனால் அவரிடம் வேறொரு தொல்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்பார். வட்டத்துக்கு ஏன் இருபத்திரண்டின் கீழ் ஏழு? யார் அளந்தது? பெரிய வட்டம், சின்ன வட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கா? அவள் கயிற்றால் வாளியின் வாயையும், கீழே கடையில் கிடந்த காயில் சக்கரத்தையும் அளந்து காட்டிய பிறகுதான் விட்டார். எடைச்சீட்டு போடுவதற்கு வட்டம் எதற்கு அண்ணாச்சி என்று மிஸ்ரியா கேட்டாள். தெரிந்துகொண்டால் கழுத்தா வலிக்கப் போகிறது என்றார் அவர்.

நல்லதம்பி அப்படி இல்லை. பெட்டி போடுவார், ஏறுவார், மூன்றாவது பெட்டியில் நின்று முன்னால் பார்ப்பார். முன் பெஞ்சில் சுடலையாண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும். வகுப்பில் சுடலையாண்டி இப்போதெல்லாம் தாளின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு எழுதினார்.

கணக்குப் பரீட்சை அன்று தென்காசியில் வெயிலும் சாரலும் மாறிமாறி அடித்தன. இரண்டு பேரும் ஒன்றாக விண்ணப்பித்தவர்கள். அடுத்தடுத்த நம்பர். ஒரே ஹால், முன்னால் சுடலையாண்டி, பின்னால் நல்லதம்பி. வாசலில் ஒட்டியிருந்த ஹால் பட்டியலைப் பார்த்தபோதே முத்துச்செல்விக்கு அது தெரிந்தது. எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனிச் சொல்ல ஒன்றும் இல்லை. எதிர்க்கடைத் தகரக் கூரைக்கடியில் நின்றாள். ஒவ்வொரு முறை கேட் திறந்தபோதும், பாதியில் வெளியே அனுப்பப்பட்ட இரண்டு பேர் வருகிறார்களா என்று பார்த்தாள்.

மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தது. முதலில் நல்லதம்பி வந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். குற்றாலம் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பின்னால் வந்த சுடலையாண்டி, பஸ் போகும்வரை கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டு வந்தார்.

டீ வாங்கிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் வைத்திருந்தார். கடைசி அரை மணி நேரத்தில்தான் அது நடந்ததாம். வரைபடம் முடிந்து, கடைசிக் கணக்கில் இரண்டாவது பெட்டியில் இருந்தாராம்.

"பேனா நின்னுட்டு டீச்சர். பின்னால. அவன் பேனா நின்னா எனக்குக் கேக்கும். அதுக்கப்புறம் எனக்கு எழுத்து ஓடல. கை தானாப் போகுது. எடுத்துத் தொடைக்கு அடியில வச்சு, மேல உக்காந்துட்டேன். மணி அடிக்கிறவரை அப்பிடியேதான் இருந்தேன்."

கடைசிக் கணக்கை முடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். மரத்துப் போன கையை வலது கையால் தேய்த்துக்கொண்டே, கழுத்தாலா, உட்கார்ந்ததாலா தெரியவில்லை என்றார்.

முடிவு வரும்வரை வகுப்புக்கு இரண்டு பேருமே வரவில்லை. நல்லதம்பி சுடலையாண்டியோடு பேசுவதில்லை என்று பாண்டிராஜ் சொன்னான். சந்தையில் கை கொடுக்கிறாரா என்று முத்துச்செல்வி கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளுக்கு ஆசை. கொடுக்கிறார் என்றான். முன்னைவிட ஓடிவந்து கொடுக்கிறார், ஆனால் வாயைத் திறப்பதில்லை. பேசாமல் கை கொடுக்கிற பெரியப்பா மகனோடு இப்போது இன்னொரு ஆளும் சேர்ந்தாயிற்று.

முடிவு வந்த காலையில் அவள் போனில் இரண்டு ஹால் டிக்கெட் நம்பரையும் அடித்துப் பார்த்தாள். சுடலையாண்டி முப்பத்தேழு. நல்லதம்பி இருபத்தொன்பது. முதல் நம்பரைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இரண்டாவதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டது. சுடலையாண்டிக்குப் போன் போட்டாள். அவர் தன் மார்க்கைக் கேட்டுவிட்டு, அவனுக்கு எவ்வளவு என்றார். சொன்னாள். 

"பாஸுக்கு ஆறுதான் டீச்சர் குறையுது" என்றார். "ஆறு மார்க்கு. என்கிட்ட ரெண்டு கூட இருந்துச்சு. மிச்சம் நாலுக்கு எங்கன போவேன்?"

அப்படிக் கொடுக்க முடியாது அண்ணாச்சி என்றாள். தெரியும் என்றார்.

சுந்தரபாண்டியன் அண்ணாச்சி சொன்னபடி நாற்காலியைக் கொடுத்தார். சில நாள் கழித்து முத்துச்செல்வி காய்கறி வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்தாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சுடலையாண்டி இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே எவனாவது குனிந்தால் கதவைத் திறந்துகொண்டு எழுந்து வந்துவிடுகிறார் என்றும், லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சாகிறான் என்றும் முதலாளி அவளிடம் முறையிட்டார். நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டிப்போடவா முடியும் என்றார்.

அவள் நிற்கும்போதே எடைமேடைக்குப் பக்கத்தில் நல்லதம்பி ஒரு மூடைக்கு முன்னால் வந்து நின்றார். சுற்றி வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் சுடலையாண்டி எழுந்தார். கதவைத் திறந்து படியிறங்கி வந்து மூடையின் காதைப் பிடித்தார். நல்லதம்பி குனியவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மூடையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு காலிப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மேல் ஏற்றி, அங்கிருந்து அடுக்குக்குச் சாய்த்து, தனியாகவே முதுகில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுடலையாண்டி வெறும் கையோடு நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

கை கொடுக்காமல் இருப்பது ஒரு தண்டனை என்று முத்துச்செல்வி அறிந்திருந்தாள். கொடுத்த கையை வாங்காமல் போவது என்ன வகை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் பஸ் ஏற மனம் வரவில்லை. மூடையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த நல்லதம்பியைப் பல்லாரிக் கடையோரம் மறித்துக் கேட்டாள்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"அவன் கழுத்து எலும்பு போயிட்டுல்லா டீச்சர். இவன் பாட்டுக்கு ஒவ்வொருத்தனுக்கும் இறங்கி வந்து மூடையப் புடிச்சான்னா, வாங்கின நாற்காலி என்னத்துக்கு? நான் ஒருத்தன் வேண்டாம்னு போனாத்தான் மத்தவனுகளும் அவன் கைய எதிர்பாக்காம இருப்பானுக."

"அதை அவருட்ட வாயத் திறந்து சொல்லலாம்லா?"

"சொல்லலாம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னும் அந்தக் கோவம் இருக்கு. அது போகட்டும்."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவர் மேலகரம் மாடிக்கு வந்தார். அருவிக்குப் போகவில்லை, தலை காய்ந்திருந்தது. பாண்டிராஜையும் மிஸ்ரியாவையும் தாண்டிப் போய் முன் பெஞ்சில், சுடலையாண்டி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். இனிமேல் முன்னால் பார்த்தால் கரும்பலகைதான் தெரியும். முத்துச்செல்வி உருளைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தாள். முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. மூன்றாவதில் பேனா நின்றது.

அவளுக்கே தெரியாமல் அவள் கை அவருடைய தாளை நோக்கிப் போனது. விரல் சூத்திரத்தின் மேல் வந்துவிட்டது.

"கை குடுக்காதீங்க டீச்சர்" என்றார் நல்லதம்பி, தலையைத் தூக்காமல். "பெட்டி எங்கன கிடக்குன்னு மட்டும் சொல்லுங்க."